ஆறு வந்து சொல்லட்டும்

ஆற்றுநீர் முன்னெச்சரிக்கை இயக்ககத்தில் புதிய சர்வரைத் திறந்துவைத்த அன்று மழை இல்லை. அதையே ஒரு சாதனையாக இயக்குநர் தன் உரையில் குறிப்பிட்டார். ஆள் உயரக் கறுப்புப் பெட்டி. அதன் முகத்தில் பட்டு நாடா கட்டியிருந்தார்கள். நாடா காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டதால் பெட்டி சூடேறி ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. அந்த முனகல்தான் முன்னேற்றத்தின் ஓசை என்று இயக்குநர் சொன்னதும் மாடியறையே அதிரக் கைதட்டினார்கள்.

கைதட்டாத ஒரே ஆள் ஒயர்க்காரர். அவர் இரண்டு கையிலும் கேபிள் இருந்தது.

அவருக்கும் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. பிணையப் பொறியாளர் என்று ஒரு பதவியும் உண்டு. ஆனால் அந்தக் கட்டடத்தில் எது பேசாமல் நின்றாலும், அது தொலைபேசியோ லிஃப்டோ, 'ஒயர்க்காரரைக் கூப்பிடு' என்பார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. சம்பளப் பட்டியலில் தன் சொந்தப் பெயரைப் பார்த்தால் அவருக்கே யாரோ அந்நியர் போல இருக்கும்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. இறங்கி நின்று அடிக்கிற மழை. கீழ்த்தளக் கூடத்தில் சுவரை அடைத்து மாட்டியிருந்த பெருந்திரையில் ஆற்றின் மட்டம் பச்சை எழுத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஒயர்க்காரர் நனைந்த குடையை மடக்கியபடி அதைப் பார்த்தார். திறப்புவிழாவின்போது இருந்த அதே எண். மதியம் பார்த்தார், அதே எண். வெளியே வாசல்படியில் தண்ணீர் சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை மழைக்கும் ஆறு அசையாமல் நிற்கிறது என்றால் ஒன்று ஆறு செத்துப்போயிருக்க வேண்டும், அல்லது திரை செத்துப்போயிருக்க வேண்டும்.

மாடியேறி சர்வர் அறைக்குப் போனார்.

அந்தப் பெட்டியை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் சில கணினிகள் குடியிருந்தன. அவற்றைக் கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது. ஒரே பெட்டியின் மூளையைப் பங்குபோட்டுக்கொண்டு, தான் தனிக் கணினி என்று ஒவ்வொன்றும் நம்பிக்கொண்டிருக்கும். காகிதத்தில் மெய்நிகர் கணினி என்று எழுதுவார்கள். ஒயர்க்காரர் பெட்டியை வீட்டுக்காரர் என்பார், உள்ளே இருப்பவற்றைக் குடித்தனம் என்பார். அதில் ஒரு குடித்தனத்தின் வேலை ஆற்றைப் பார்த்துக்கொள்வது. மேலணையில் இருக்கும் அளவுமானியிலிருந்து தனி லைன் ஒன்று நேராக அதற்கு வரும். வந்த மட்டத்தை அது வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் அதை வாசல் வழியாகக் கூடத்துத் திரைக்கும் ஆற்றங்கரைச் சங்குக்கும் அனுப்புவார். மட்டம் எல்லை தாண்டினால் திரை சிவக்கும், கம்பத்து உச்சியில் இருக்கும் சங்கு ஊதும், கரையோரத் தெருக்காரர்கள் குழந்தை குட்டியோடு மேட்டுக்கு ஏறுவார்கள். இயக்ககம் என்று ஒன்று இருப்பதே இதற்குத்தான்.

'இருக்கியா' என்று ஒரு கணினி இன்னொன்றைக் கேட்க ஒரு சின்னக் கட்டளை உண்டு. பிங் என்பார்கள். இருந்தால் இருக்கிறேன் என்று பதில் வரும். ஒயர்க்காரர் குடித்தனத்தின் பக்கத்திலிருந்து வீட்டுக்காரரைக் கேட்டார். பதில் இல்லை. வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து குடித்தனத்தைக் கேட்டார். பதில் இல்லை. ஒரே பெட்டிக்குள் இருந்துகொண்டு இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன.

பிறகு குடித்தனத்தின் உள்திரையை, அந்தச் சின்னக் கறுப்புச் சன்னலை, நேரடியாகத் திறந்து பார்த்தார். அங்கே எண் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு படி ஏறியது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு படி. உள்ளே இருந்த அந்தக் கணினிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆறு ஏறுகிறது, ஆறு ஏறுகிறது என்று அது எழுதி எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தது. எதுவும் வாசலைத் தாண்டவில்லை. அனுப்ப முடியாததையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டிருந்தது.

காரணமும் சீக்கிரமே அகப்பட்டது. குடித்தனம் அனுப்பும் ஒவ்வொரு சேதியின் நெற்றியிலும் ஓர் எண் இருக்கும். திறப்புவிழா அவசரத்தில் புதுப் பெட்டியின் வாசலில் வேறு எண்ணைப் பதிந்துவிட்டிருந்தார்கள். எண் பொருந்தாத சேதியை வாசல் வாங்காது. எண்ணை மாற்றினால் போதும். காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

ஒயர்க்காரர் விசைப்பலகைமேல் கையை வைத்தார். எதிர்ச்சுவரில், அனுமதியின்றி எந்த அமைப்பையும் யாரும் மாற்றக்கூடாது என்ற அறிவிப்பு சட்டம் போட்டு மாட்டியிருந்தது. முன்பு ஒருமுறை, கூடத்துக் கடிகாரம் பிந்தி ஓடுகிறது என்று அனுமதி இல்லாமல் முள்ளைத் தள்ளிவைத்த ஊழியர் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அவருடைய பயிற்சி இன்னும் முடியவில்லை. அவர் மனைவி அவ்வப்போது வந்து வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

ஒயர்க்காரர் கையை எடுத்துக்கொண்டார்.

பெட்டி சம்பந்தப்பட்டதெல்லாம் பெட்டிப் பிரிவு, உள்ளே ஓடுவதெல்லாம் நிரல் பிரிவு என்று இயக்ககத்தில் பாகப்பிரிவினை ஆகியிருந்தது. முதலில் பெட்டிப் பிரிவுத் தலைவரிடம் போனார். அவர் உடனே எழுந்து வந்தார், அதைக் குறை சொல்ல முடியாது. குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் பெட்டியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"சூடு இருக்கு, மூச்சு இருக்கு, விளக்கு எரியுது. எம் பெட்டிக்கு ஒண்ணும் இல்ல. அந்தம்மா குடித்தனத்தைப் போய்க் கேளுங்க."

அந்தம்மா என்றது நிரல் பிரிவுத் தலைவியை. அவரும் வந்து கறுப்புச் சன்னலைப் பார்த்தார். அழகாக ஓடுகிறது, அளக்கிறது, ஒரு பிழை கூட இல்லை என்று மெச்சினார். வெளியே போகிற வழி தன் பொறுப்பில்லை என்றும் சொன்னார். இரண்டு பேரையும் ஒன்றாக நிற்கவைத்து, கோளாறு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்று ஒயர்க்காரர் விளக்கினார்.

"நடுவுல என்ன இருக்கு?" என்றார் பெட்டிப் பிரிவுத் தலைவர்.

நடுவில் இருப்பது அந்த வாசல், சேதியைக் கடத்திவிடுகிற ஒரு சுவிட்ச், ஆனால் அதுவும் நிஜ சுவிட்ச் இல்லை, பெட்டிக்குள் நிரலாக இருக்கிறது என்றார் ஒயர்க்காரர். நிரல் என்றால் தன்னுடையதில்லை என்றார் பெட்டிப் பிரிவுத் தலைவர். சுவிட்ச் என்றால் தன்னுடையதில்லை என்றார் நிரல் பிரிவுத் தலைவி. ஆக நடுவில் இருப்பது இரண்டு பேருடையதும் இல்லை என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த இரண்டு பிரிவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது இயக்கக வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை. சேர்ந்து நின்று தேநீர் குடித்தார்கள். சன்னலில் எண் இன்னொரு படி ஏறியது.

ஒயர்க்காரரின் அக்கா வீடு கரையோரத் தெருவில் இருந்தது. வாசலில் சலவைக்கடை, பின்னால் வீடு. அத்தானுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சக்கர நாற்காலியில் கடைவாசலில் உட்கார்ந்து வருகிற போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் ஒயர்க்காரர் அங்கே போனபோது ஆறு தன் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தது. படித்துறையின் கீழ்ப்படிகள் கண்ணில் படவில்லை. ஒரு மரக்கிளை தலைகீழாக மிதந்து போயிற்று.

கொஞ்ச நாளைக்குத் தன் வீட்டுக்கு வந்து இருக்கும்படி அக்காவைக் கூப்பிட்டார். ஏன் என்றாள். வீட்டுக்காரரும் குடித்தனமும் பேசிக்கொள்ளாத கதையைத் தனக்குத் தெரிந்தமட்டும் சொன்னார். அக்கா ஒரு சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இல்லாத ஆளு எப்படிடா குடியிருக்கும்?"

"அது அப்படித்தான்க்கா. நீ கிளம்பு."

"சங்கு ஊதலையே."

"சங்கு ஊதாதுக்கா. அதைத்தான் சொல்றேன்."

அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரை நிதானமாகப் பார்த்தாள். "ஊதாதுன்னு உனக்குத் தெரியும். அப்புறம் உன்னை எதுக்கு அங்க வேலைக்கு வச்சிருக்காங்க?"

பக்கத்துக் கடைத் தையல்காரர் நூல் கோத்தபடி சிரித்தார். சங்கு கம்பம் நடும்போது குழி வெட்டக் கூடமாட நின்றவர் அவர். சங்குமேல் அவருக்கு அப்படி ஒரு பற்று. அது ஊதட்டும், மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஏறுகிறேன் என்றார்.

மறுநாள் இயக்குநரைப் பார்க்க நேரம் கிடைத்தது. போகிற வழியில் பாலத்தில் இறங்கி, சுழித்துக்கொண்டு போகிற ஆற்றைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார் ஒயர்க்காரர். இயக்குநர் நல்ல மனநிலையில் இருந்தார். திரை இத்தனை நேரம் தொடர்ந்து பச்சையாக நின்றது இதற்குமுன் நடந்ததே இல்லை. முன்பெல்லாம் கொஞ்சம் தூறினாலே எண் மேலும் கீழும் ஆடும், மஞ்சள் அடிக்கும், மேலிடத்திலிருந்து கேள்வி வரும். புதுப் பெட்டி வந்தபிறகு ஒரு சலனம் இல்லை. நிலைத்தன்மைக்கான கேடயத்துக்கு இயக்ககத்தின் பெயரைச் சிபாரிசு செய்திருந்தார்கள்.

ஒயர்க்காரர் எழுந்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, ஒரு பெரிய சபைக்குப் பேசுவதுபோல் பேசினார்.

"மெய்நிகர்னா என்ன? மெய் மாதிரி இருக்கும், ஆனா மெய் கிடையாது. மெய்யே இல்லாத ஒண்ணு எப்படிங்க பழுதாகும்? நல்லா யோசிச்சுப் பாருங்க."

உள்ளே சன்னலில் எண் ஏறிக்கொண்டிருக்கிறது, ஒரு நடை மாடிக்கு வந்து பார்த்தால் போதும் என்றார் ஒயர்க்காரர். இயக்குநருக்கு அந்த அறையின் குளிர் ஒத்துக்கொள்ளாது. தவிர, அது தேவையும் இல்லை.

"உள்ளுக்குள்ள அது என்ன வேணா நெனச்சுக்கட்டும். நம்மகிட்ட வந்து சொன்னாத்தான் தகவல். அதுவரைக்கும் அது அதோட சொந்த அபிப்பிராயம்."

கடைசியாகக் கைபேசியை நீட்டினார் ஒயர்க்காரர். இயக்குநர் படத்தைப் பார்த்தார், பிறகு பெருவிரலால் அதை மெல்லத் தள்ளிவைத்தார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது.

"நாமளே போய் ஆத்தை எட்டிப்பார்க்கிறதுன்னா, இந்த இயக்ககம் எதுக்கு, இத்தனை பேர் எதுக்கு? ஆறு வந்து சொல்லட்டும். அதுக்குத்தானே வழி போட்டுக் குடுத்திருக்கோம்."

"வந்துடும் சார்" என்றார் ஒயர்க்காரர்.

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் அது அப்படித்தான் குறித்துக்கொள்ளப்பட்டது.

முறைப்படி புகார் பதிவு செய்யச் சொன்னார்கள். பதிவு செய்தார். மறுபடி பதிவு செய்தார். கூடத்தில் இருந்த இன்னும் சிலரும், திரை அசையவில்லை என்று தயங்கித் தயங்கிப் பதிவு செய்தார்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஏனென்றால் புகார்களை வாங்கி வைக்கும் கணினியும் அதே பெட்டிக்குள் இருந்த இன்னொரு குடித்தனம். அதற்கும் வாசல் அடைத்துத்தான் கிடந்தது. அந்த வாரக் கூட்டத்தில், இயக்ககம் தொடங்கியதிலிருந்து முதல்முறையாகப் புகார்ப் பெட்டி காலியாக இருப்பதாக அறிவித்தார்கள். இயக்குநருக்குக் குரல் தழுதழுத்தது. குறைகளே இல்லாத ஓர் அலுவலகத்தைத் தன் காலத்தில் பார்த்துவிட்டுத்தான் ஓய்வுபெற வேண்டும் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தயங்கிப் புகார் எழுதியவர்களும் தட்டினார்கள். அவர்கள் மற்றவர்களைவிடச் சத்தமாகத் தட்டியதாக ஒயர்க்காரருக்குத் தோன்றியது.

அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார். பயிற்சியோ என்னவோ, போய் எண்ணை மாற்றிவிடுவது. மாடியேறி சர்வர் அறைக் கதவில் அடையாள அட்டையை வைத்தார். கதவு திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் காவலர் நின்றுகொண்டிருந்தார். வெகுநாள் பழகியவர்தான். கண்ணைப் பார்க்காமல், அட்டையைத் தரும்படி கையை நீட்டினார். விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

விசாரணை கீழ்த்தளக் கூடத்தில், பெருந்திரைக்கு அடியில் நடந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநர், இரண்டு பிரிவுத் தலைவர்கள். ஓரத்தில் குறிப்பெடுப்பவர். திரையின் பச்சை வெளிச்சம் எல்லோர் முகத்திலும் விழுந்து, நோயாளிகள் கூடி உட்கார்ந்திருப்பது போலிருந்தது. ஒயர்க்காரர் பிங் அனுப்பிய விவரங்களை நிரல் பிரிவுத் தலைவி வாசித்தார். வாசித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

"இருக்கியான்னு கேட்டிருக்கீங்க" என்றார் பெட்டிப் பிரிவுத் தலைவர். "ஒரு தடவை கேட்டா அது நலம் விசாரிக்கிறது. இத்தனை தடவை கேட்டா அதுக்குப் பேர் சந்தேகம். பதில் வராதுன்னு தெரிஞ்சும் ஏன் கேட்டீங்க?"

"வரும்னு நெனச்சுத்தான் கேட்டேன்."

"வரலைன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"உங்ககிட்டதான் சொன்னேன்."

பெட்டிப் பிரிவுத் தலைவர் குறிப்பெடுப்பவர் பக்கம் திரும்பி, வதந்தி பரப்பியதை ஒப்புக்கொண்டார் என்று எழுதச் சொன்னார். மேலும் ஆலோசிக்க வேண்டியிருப்பதால் ஒயர்க்காரரை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார். மழை விட்டிருந்தது. வானம் வெளுத்து, எல்லாம் சரியாகிவிட்டது போல ஒரு தோற்றம். காவலர் கூட நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு வெயில் காய்ந்தார். ஒயர்க்காரர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்து நடுவில் மழைத்தண்ணீர் வடிகிற துவாரம் ஒன்று உண்டு. அதில் தண்ணீர் இறங்கவில்லை. மேலே வந்துகொண்டிருந்தது. கலங்கலாக, சத்தமே இல்லாமல், ஒரு காகிதக் கோப்பையைச் சுமந்துகொண்டு மேலே வந்துகொண்டிருந்தது.

அவர் எழுந்தார். எங்கே போகிறீர்கள் என்று காவலர் கேட்கவில்லை.

கரையோரத் தெருவை அடைந்தபோது தெருவில் தண்ணீர் இல்லை. வீடுகளுக்குள் இருந்தது. குளியலறை வடிகால் வழியாகவும் சலவை இயந்திரத்தின் குழாய் வழியாகவும் பின்பக்கமாக ஏறியிருந்தது. அக்கா சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு துணிமூட்டைகளை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவர் எதையும் விளக்கவில்லை. சலவைத் துணி தள்ளும் வண்டியை இழுத்து வந்தார். நாற்காலிச் சக்கரம் சேற்றில் உருளாது. இருவரும் சேர்ந்து அத்தானைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள்.

"ஊர்த் துணிடா" என்றாள் அக்கா. "நாளைக்கு வந்து கேப்பாங்க."

"கேக்க ஆள் இருக்கட்டும்க்கா."

ஆனாலும் அக்கா கையில் அகப்பட்ட இரண்டு மூட்டையை அத்தான் காலடியில் போட்டாள். மேட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். அத்தான் தலையைத் திருப்பித் திருப்பிக் கம்பத்தையே பார்த்தார். பாதி வாயால், சங்கு, சங்கு என்றார். வண்டியைப் பார்த்து எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் யோசித்தார்கள், பிறகு பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். மற்றவர்கள் வாசலில் நின்று கம்பத்தைப் பார்த்தார்கள். தையல்காரர் தன் மெஷினை மேசைமேல் தூக்கி வைத்துவிட்டு, தானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஒயர்க்காரர் கத்திக் கூப்பிட்டார். தையல்காரர் காதில் கையை வைத்துக் கம்பத்தைக் காட்டி, ஒன்றும் கேட்கவில்லையே என்று சைகை செய்தார்.

திருப்பத்தில் ஏறும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பெரிய கனமான ஒன்றைத் தரையோடு இழுத்துப் போவதுபோன்ற சத்தம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அதே வேளையில் கூடத்தில் நடந்ததைக் குறிப்பெடுப்பவர் பிறகு ஒயர்க்காரரிடம் சொன்னார். ஆலோசனை நடந்துகொண்டிருக்கும்போது கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வந்தது. முதலில் பெட்டிப் பிரிவுத் தலைவர்தான் பார்த்தார். இது குழாய்த் தண்ணீரா என்று கேட்டார். இயக்குநர் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார். பச்சை. அவர் மேலே பேசச் சொல்லிக் கையசைத்தார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்ததும் உறுப்பினர்கள் கால்களை நாற்காலிக் கட்டையில் வைத்துக்கொண்டார்கள். உறுப்பினர்கள் கால்களை உயர்த்திக்கொண்டனர் என்று குறிப்பெடுப்பவர் எழுதினார். ஒயர்க்காரரின் அத்துமீறல் இயக்ககத்தின் மீது பொதுமக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையைக் குலைக்கக்கூடியது என்ற தீர்மானம் நிறைவேறியபோது மேசைமேல் நின்றுகொண்டிருந்தார்கள். நின்றபடியே கையெழுத்திட்டார்கள். திரை மட்டும் கடைசிவரை பச்சையாகவே இருந்து, பிறகு கட்டடம் முழுவதும் மின்சாரம் போனதும் அணைந்தது.

அவர்கள் எல்லோரும் மாடிக்கு ஏறிப் பிழைத்துக்கொண்டார்கள். சர்வர் அறையில், இயக்குநருக்கு ஒத்துக்கொள்ளாத அந்தக் குளிர் அன்று இல்லை.

ஆறு தன் வேலையை முடித்துக்கொண்டு கரைக்குள் திரும்பியது. தெருவில் முழங்கால் சேறு. தையல்காரரின் மெஷின் மேசையோடு நாலு வீடு தள்ளிக் கிடைத்தது. தையல்காரர் கிடைக்கவில்லை. அவருக்கென்று யாரும் இல்லாததால் அக்காவே இயக்ககத்துக்குப் போனாள். வெள்ளம் வந்ததற்கு இயக்ககம் சான்று கொடுத்தால்தான் தேடுவதற்குப் படகு அனுப்புவோம் என்று வேறோர் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். ஒயர்க்காரர் உள்ளே போக முடியாது, வாசலோடு நின்றுகொண்டார். அங்கிருந்து முகப்பு எழுத்தர் தெரிந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் சேறு கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அவர் பதிவைப் பார்த்தார்.

"அன்னிக்கு முழுக்கப் பச்சைதாம்மா. வெள்ளம் வந்ததா எங்க பதிவுல எங்கேயும் இல்ல."

"அப்போ தையல்காரர் எங்க?"

எழுத்தர் இன்னொரு பதிவைப் பார்த்தார். குரலில் கடுமை ஒன்றும் இல்லை, நல்ல மனிதர்தான்.

"தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கார்னு போட்டிருக்கோம்மா. தொடர்பு கிடைச்சதும் தெரிவிப்போம்."

அக்கா வெளியே வந்து தெருப்பக்கம் நடந்தாள். அவரும் கூடவே நடந்தார். தெருவுக்கு வந்து இருவரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்கள். அத்தானை எதிர்வீட்டு உயரமான வாசலில் உட்காரவைத்திருந்தார்கள். தெரு முழுக்கச் சேறு வழிக்கிற சத்தம்.

உச்சிவேளையில் மின்சாரம் வந்தது. எங்கோ ஒரு வானொலி தானாகப் பாடி அடங்கியது. இயக்ககத்தின் மாடியில் பெட்டி முனகிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். திறப்புவிழா அன்று வாசலில் அந்தத் தப்பு எண்ணைப் பதிந்தவர்கள், அவசரத்தில் அதைச் சேமிக்க மறந்திருந்தார்கள். அணைந்து எழுந்த பெட்டிக்கு அந்த எண்ணே நினைவில்லை, முதலில் இருந்த சரியான எண்தான் நினைவிருந்தது. ஒருவர் கையும் படாமல், அனுமதி எதுவும் இல்லாமல், கோளாறு தானாகவே சரியாகிவிட்டது. வாசல் திறந்தது.

கம்பத்து உச்சியில் சங்கு ஊதத் தொடங்கியது.

தெருவே மண்வெட்டியோடு அப்படியே நின்றது. எதிர்வீட்டுப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள், ஆனால் ஓடவில்லை. ஒரு கிழவர் கம்பத்தைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு மறுபடி சேற்றை வழித்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் குனிந்துகொண்டார்கள். சங்கு நிற்கவில்லை. ஒன்று முடியுமுன் அடுத்தது, அது முடியுமுன் அடுத்தது என்று, அடைபட்டுக் கிடந்ததெல்லாம் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தது. அத்தான் பாதி முகத்தால் சிரித்தார், அல்லது அழுதார்.

ஒயர்க்காரர் மேலணைப் பக்கம் பார்த்தார். அங்கே மலைகள் தெரியவில்லை. மலை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக எதுவோ அடைத்துக்கொண்டு நின்றது.

அக்கா அவர் அருகில் வந்தாள். சங்குச் சத்தத்தில் அவர் காதோடு வாயை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"டேய், இது போனதுக்கு ஊதுதா, வரப்போறதுக்கு ஊதுதா?"

அதைச் சொல்லக்கூடிய கறுப்புச் சன்னல் மாடியறையில், அவருக்குத் திறக்காத கதவுக்குப் பின்னால் இருந்தது.

"தெரியலக்கா" என்றார் ஒயர்க்காரர். மண்வெட்டியைச் சேற்றில் குத்தி நிறுத்திவிட்டு, அத்தானைத் தூக்கப் போனார்.